பலகை வாங்கப் போகும் மகளுக்கு

காசல்ரீ
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான், அம்மா, அப்பாயி எல்லோரும் நல்ல சுகம். நாலு நாளாக விடாத மழை. காசல்ரீ டேம் நிரம்பி வான் பாய்ந்து வழிகிறது. இரவில் அந்த இரைச்சல் வாசல் இஸ்தோப்பு வரைக்கும் கேட்கிறது.

போனில் சொன்னால் சிக்னல் அறுந்து பாதி உனக்குக் கேட்காது, மீதியை அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடுதாசி. உன் பெரியப்பா மகன் வியாழக்கிழமை மாத்தறைக்கு லொறி கொண்டுபோகிறான். போகிற வழியில் வெலிகமையில் இறங்கி, தேயிலைத்தூள் பொட்டலத்தோடு இதையும் தருவான். பலகை பார்க்கப் போகும்போது கையில் வைத்துக்கொள்.

நின்றுகொண்டு துடுப்புப் போட்டுப் போட்டிக்கு ஓட்டுகிற அந்தச் சாமானை நீ போர்ட் என்கிறாய். எனக்கு அது பலகைதான், கோபிக்காதே. நீ அனுப்பிய மூன்று பலகையின் படங்களையும் பக்கத்துக் காம்பராத் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். அவன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவன். ஒரு கிழமையாக இரண்டு பேரும் வீடியோ பார்த்ததில் அவனுடைய டேட்டா முடிந்துவிட்டது, நான்தான் ரீலோட் போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டு துடுப்புப் போடுவது ஹவாயில் பிறந்த விளையாட்டு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நம் கடற்கரைக்காரன் கட்டுமரத்தில் நின்று துடுப்புப் போட்டதை அவர்கள் பார்த்ததில்லை போலும். சரி, அதை விடு.

முதலில் நீளம். 12 அடி 6 அங்குலமா, 14 அடியா என்று கேட்டிருந்தாய். தம்பி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். படகு கட்டுகிறவர்களின் பழைய கணக்காம். தண்ணீரில் படிகிற நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வருவது அதன் உச்ச வேகம், நொட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல்மைல் என்று. அதற்கு மேல் போக நினைத்தால், தானே எழுப்பிய அலையின் முதுகில் தானே ஏற வேண்டிவரும், உழைப்பு வீண். 12 அடி 6 க்கு மணிக்கு 8.8 கிலோமீட்டர் அளவில் வருகிறது, 14 க்கு 9.3. ஒடுங்கின பலகை இந்தக் கணக்கைக் கொஞ்சம் மீறி ஓடும் என்றாலும் நீளமானதற்குத்தான் ஆதாயம். முன்பு பெண்களுக்கு 12 அடி 6 என்று பிரித்து வைத்திருந்தார்கள், இப்போது பெரிய போட்டிகளில் பெண்களும் 14 தான். ஆகவே 14. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது அகலத்தில். உனக்கு மனசு அந்த 21 அரை அங்குலப் பலகையில் இருப்பது தெரிகிறது. மூன்று பலகையில் அதை மட்டும் நாலு பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறாய். அழகுதான், நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்மூக்கு கத்தி மாதிரி, நிற்கிற இடம் தோண்டிய மரவை மாதிரி உள்ளே இறங்கி இருக்கிறது. கால் தண்ணீருக்குக் கிட்ட இருந்தால் ஆட்டம் குறையும், அதற்காகத்தான் அந்தப் பள்ளம். ஆனால் அலை உள்ளே அடித்தால் அதே பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், வடிகிற துவாரம் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போட்டியில் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஒரு காலைப் பின்னால் வைத்து வாலை அமுக்கி மூக்கைத் தூக்குகிறார்களே, அதற்கு அந்தப் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி ஒடுங்கின வாலில் கால் வைக்க வேண்டும். வீடியோவில் பழகினவர்களே அந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

உனக்கு நான் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டேமுக்கு அக்கரை டிவிஷனில் கோயில் திருவிழா. பாதையால் சுற்றிப் போனால் நேரமாகும் என்று சபுக்கு மரப் பலகையில் ஒரு வள்ளம் அடித்தேன். மாமாவின் இழைப்புளியைக் கேட்காமல் எடுத்து, அடிப்பலகையை ஒன்றரை அடிக்கு இழைத்து ஒடுக்கினேன். ஒடுங்கினால் வேகமாகப் போகும் என்ற அளவுக்குப் புத்தி இருந்தது. கரையோரத்தில் அம்பு மாதிரித்தான் போனது. நேர்த்திக்கடன் சேவல் ஒன்றும் கூட வந்தது. நடுத் தண்ணீரில் காற்று குறுக்கே அடித்தது. ஒரு பக்கம் சாய்ந்ததும் நான் மறுபக்கம் சாய்ந்தேன், அவ்வளவுதான். இழைப்புளி இன்றைக்கும் காசல்ரீயின் அடியில் கிடக்கிறது. நீச்சல் தெரியாத நான் கவிழ்ந்த வள்ளத்தின் பக்கத்தைப் பிடித்துத் தொங்கினேன், சேவல் மேலே ஏறி நின்றுகொண்டது. அதற்கு அந்த அகலம் போதுமாயிருந்தது.

நீ 54 கிலோ. சேவலுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறாய். எண்பது கிலோ ஆம்பிளை ஆடுகிற பலகையில் நீ ஆடாமல் நிற்பாய், அது உண்மை. உயரம் குறைந்தவளுக்கு ரொம்ப அகலமும் ஆகாது, துடுப்பைப் பலகைக்கு ஒட்டிச் செங்குத்தாகப் போட முடியாமல் கை வெளியே போகும், மூக்கும் ஒரு பக்கம் இழுபடும். நீ ஆட்களுக்குப் பழக்கிக்கொடுக்கிற அந்த 32 அங்குலப் பலகை மாதிரி வேண்டாம். 24 அரை போதும் என்று எனக்குப் படுகிறது. 21 அரைக்கும் அதற்கும் வித்தியாசம் மூன்று அங்குலம், நாலு விரற்கடை. கொக்கல களப்பில் விடியற்காலையில், இலை ஆடாத நேரத்தில், அந்த நாலு விரற்கடை இல்லாமலே நீ போவாய். கடலில், குறுக்கலையில், காலில் நடுக்கம் எடுத்த பிறகு? போன மாதம் இரவல் பலகையில் நாலு தடவை விழுந்தேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். ஒரு தடவை விழுந்து, ஏறி, மூச்சுப் பிடித்து, பழைய ஓட்டத்துக்கு வர எத்தனை விநாடி என்று அடுத்த முறை வாட்சில் பார். ஒடுக்கத்தால் மிச்சம் பிடித்ததை அதில் கழித்துப் பார்.

ஸ்டார்போர்ட் கம்பனியை எடுத்துக்கொண்டால், ஸ்பிரின்ட் என்ற பெயரில் வருவது அசையாத தண்ணீருக்கு, ஆல் ஸ்டார் என்று வருவது எல்லாத் தண்ணீருக்கும். மற்றக் கம்பனிகளும் இப்படித்தான் பிரிக்கின்றன. உனக்குத் தென்மேல் பருவம் முழுக்கக் களப்பு, கார்த்திகைக்குப் பிறகு கடல், லீவுக்கு வந்தால் இந்த டேம். ஒரே ஒரு பலகை வாங்குகிறவள் எந்த வகையைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லீட்டர் கணக்கில் கனவளவு போட்டிருப்பார்கள், அதையும் பார். கூடினால் நல்லது என்று கடைக்காரன் சொல்வான். மிதப்பதற்கு உன் எடைக்கு அதில் பாதி கூட வேண்டியதில்லை. அளவுக்கு மேல் கனவளவு உள்ள பலகையில் பாரம் குறைந்தவள் நின்றால் அது தக்கை மாதிரி உயர்ந்து நிற்கும், பக்கக் காற்றுக்குப் பாய் விரித்தது போலாகும். பின்னேரத்தில் இங்கே காற்று எழும்பும்போது எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

காற்றடிக்கிற பலகை மலிவு, சுருட்டிப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவரலாம் என்கிறாள் அம்மா. அவள் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. இரண்டு தோலுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான நூலைக் கட்டி மெத்தை மாதிரி இறுக்கிச் செய்கிறார்கள். அதற்கென்று தனி வகுப்புப் போட்டிகளும் உண்டு. ஆனால் எவ்வளவு இறுக்கி அடித்தாலும் நடுவில் கொஞ்சம் வளையும், விளிம்பு உருண்டைதான், கார்பன் பலகையோடு ஒரே கோட்டில் நின்றால் பின்னால்தான் வரும். பழகுவதற்கு வாங்குவதென்றால் சரி என்பேன். நீ அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாய்.

ஆகவே 24 அரை அங்குலமுள்ள அந்த மூன்றாவது பலகை. மூக்கில் ஒட்டுப்போட்டது, நீ ஒரே ஒரு படம் மட்டும் அனுப்பியது. அதற்காகத்தான் இந்தக் கடுதாசியே. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் விற்கிற சாமான், அவசரத்தில் இருப்பவர் அவர். நீ அவசரப்படாதே.

உள்ளே இருப்பது ரெஜிஃபோம் மாதிரி வெள்ளை நுரை, மேலே கார்பன் துணியும் எபொக்சியும். தோலில் ஊசி முனை அளவு வெடிப்பு இருந்தாலும் அந்த நுரை தண்ணீர் குடிக்கும், வெளியே காட்டாது. அதனால் முதலில் நிறுத்துப் பார். இந்த அளவுப் பலகை 11, 12 கிலோ இருக்கலாம். கம்பனி சொன்ன எடையைத் தேடி எடுத்து வைத்துக்கொள், அதைவிட இரண்டு மூன்று கிலோ கூடினால் தண்ணீர் உள்ளே இருக்கிறது. ஹோட்டலில் மீன் நிறுக்கிற தராசு இருக்குமே, கேட்டு வாங்கு. இங்கே என்றால் தேயிலைக் கொழுந்துத் தராசில் தொங்கவிட்டே பார்த்திருப்பேன், கணக்கப்பிள்ளை இரண்டு கிலோவைத் தண்ணீருக்கென்று கழித்துச் சொல்லியிருப்பார்!

பிறகு விரல் முட்டியால் தட்டு. மூக்கிலிருந்து வால்வரை, ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இடத்தில் ணங் என்று இறுக்கமாகக் கேட்கும். தோலும் நுரையும் பிரிந்த இடத்தில் பழுத்த பலாப்பழத்தைத் தட்டினது போல் மொத்தென்று கேட்கும். நாற்பது வருடம் தேயிலை ஸ்டோரில் கொழுந்தை வாடப்போடும் தொட்டிகளின் பலகையைத் தட்டித்தான் உக்கினதைக் கண்டுபிடித்தேன், கண்ணால் பார்த்தல்ல. நீ நிற்கிற இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார், குதிகால் பட்டுப் பட்டு முதலில் மெலிவது அங்கேதான். துடுப்பு உரசுகிற விளிம்பைத் தடவு. மீன் செட்டை மாதிரி அடியில் நிற்கிற ஃபின்னை மாட்டுகிற பெட்டியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் ஃபின்னைப் பிடித்து ஆட்டிப் பார், பெட்டியும் சேர்ந்து ஆடினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. மூக்கு ஒட்டு எனக்குப் பயமில்லை. ஒட்டு கரடுமுரடாக இருந்தாலும் இறுகியிருந்தால் போதும். புதுச் சாயம் அடித்து மினுக்கி வைத்திருந்தால்தான் சந்தேகப்படு.

ஃபின் ஒன்று கூடுதலாக வாங்கு, பின்னோக்கிச் சாய்ந்தது. பாசியும் புல்லும் அதில் மாட்டாமல் வழுக்கிப் போகும். களப்புக்கும் உதவும், இங்கேயும் உதவும். மாசி பங்குனியில் தண்ணீர் இறங்கினால் அடிக்கட்டையெல்லாம் தலைகாட்டும். பக்கத்து மவுசாகலை டேமில் மூழ்கின பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவரே வெளியே வருகிறது. ஆழமான ஃபின் கட்டையில் மாட்டினால் பலகை நிற்கும், நீ நிற்கமாட்டாய்.

துடுப்புக்கு உன் உயரத்தோடு எட்டு முதல் பத்து அங்குலம் கூட்டு. 5 அடி 2 க்கு 70 லிருந்து 72. முதல் நாளே வெட்டிவிடாதே. 72 இல் டேப் சுற்றிக் கைப்பிடியை நிறுத்தி ஒரு கிழமை போட்டுப் பார், தோள் வலித்தால் அரை அங்குலம் அரை அங்குலமாகக் குறை. வெட்டின கம்பு வளராது. கைப்பிடியைச் சூட்டில் இளகுகிற பசையால்தான் ஒட்டுவார்கள், கொதிதண்ணீர் ஊற்றினால் கழன்று வரும். துடுப்பின் இலை சின்னதாக இருக்கட்டும், பெரிய இலை முதல் கிலோமீட்டரில் சந்தோஷம் தரும், பிறகு தோளைத் தின்னும்.

இனி இங்கே கொண்டுவருகிற கதை. கொழும்பில் வாங்கின பிஸ்கட் பக்கெட் அட்டனில் உப்பி நிற்குமே, சின்ன வயதில் ரயிலில் அதை வெடிக்க வைத்து அம்மாவிடம் அடி வாங்கினாயே, ஞாபகமா? அட்டன் 4,000 அடிக்கு மேல். கடற்கரையைவிட இங்கே காற்றின் அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைவு. நுரைப் பலகைக்குள் அடைபட்ட காற்றும் அந்தப் பக்கெட் மாதிரித்தான், உள்ளிருந்து தோலைத் தள்ளும். மேல்பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், காற்றுப் போகிற திருகு. சில பலகையில் அது தானே மூச்சுவிடும், சிலதில் கையால் திறக்க வேண்டும். லொறியில் ஏற்றும்போது திற, தண்ணீரில் இறக்க முன் மூடு. மூட மறந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலிலும் போட்டு வைக்காதே, கறுப்புப் பலகை சூட்டில் கொப்பளிக்கும்.

பணத்தைப் பற்றி. தோட்டை அடகு வைக்காதே. என் சேமலாப நிதியில் கூரைத் தகரத்துக்கென்று வைத்தது இருக்கிறது. தகரம் இந்த மழையைத் தாங்கிவிட்டது, அடுத்த மழையையும் தாங்கும். பாதி நான் போடுகிறேன், பாதி நீ. கடனென்று எழுதி வைக்காதே, உன் அம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் அந்தக் காசில் லைஃப் ஜெக்கட்டும் காலில் கட்டுகிற சுருள் கயிறும் முதலில் வாங்க வேண்டும். படத்தில் நீ ஜெக்கட் இல்லாமல் நிற்கிறாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, அம்மா பார்த்துவிட்டாள்.

14 அடிச் சாமானை எங்கே வைப்பது என்று கேட்டாய். காம்பரா 10 க்கு 12, வைக்க முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். நேற்று டேப் பிடித்து மூலைக்கு மூலை அளந்தேன், பதினைந்தரை அடிக்கு மேலே வருகிறது. வாசல் வழியாக உள்ளே திருப்ப முடியாது, ஜன்னல் கம்பியைக் கழற்றினால் போகும். கழற்றி எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன். மூலைக்கு மூலை உத்தரத்தில் தொங்கவிடக் கயிறும் இருக்கிறது.

அம்மா பக்கத்தில் இருந்து ஒன்று கேட்கச் சொல்கிறாள். அந்தப் பலகை இரண்டு பேரைத் தாங்குமா என்று. லீட்டர் கணக்குப்படி தாங்கும் என்று சொன்னேன். அகலத்துக்கு நான் பொறுப்பில்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா