சம்பந்தியின் பாட்டனாரும் ஒரு வெற்றுக் கட்டமும்

மான்செஸ்டர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உம்முடைய கடிதம் பொங்கலுக்கு வந்தது. பதில் இப்போதுதான் புறப்படுகிறது. திட்ட வேண்டியதையெல்லாம் அடுத்த கடிதத்தில் மொத்தமாகத் திட்டிக்கொள்ளும். என் முழங்கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். மூக்குப்பொடி வாத்தியாரின் மகன் வீடு கட்டி முடித்ததை எழுதினீர். அந்தக் கிணற்றை மூடினானா இல்லையா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்.

ஒரு விஷயத்தில் உம்முடைய யோசனை வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் நீர் என்பதால், இதை வேறு எவரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

என் ஆங்கிலேயச் சம்பந்தியை நீர் மறந்திருக்க மாட்டீர். கல்யாணத்தன்று வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு, பந்தியில் உம்மிடம் மீண்டும் மீண்டும் பாயசம் கேட்டவர். அவருடைய வீட்டுக் கூடத்தில் சிங்கமும் கேடயமும் தீட்டிய ஒரு பீங்கான் தட்டு தொங்குகிறது. அது தம் குடும்பத்தின் குலச்சின்னம் என்றும், தம் முன்னோர் லங்காஷயரில் பெரிய நிலக்கிழார்களாக இருந்தவர்கள் என்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உண்மையில் இந்த நாட்டில் குலச்சின்னம் ஒரு குடும்பப் பெயருக்கு உரியதன்று. 1484-இல் தொடங்கிய, ஹெரால்டுகள் எனப்படும் அரசச் சின்ன அதிகாரிகளின் கழகம் அதைத் தனி ஒருவருக்கே வழங்கும், அவருக்குப் பின் முறைப்படி பிறந்த ஆண் வழி வாரிசுகளுக்குச் செல்லும். பெயரைச் சொன்னால் சின்னத்தை அச்சிட்டுத் தரும் கடைகள் சுற்றுலாத் தலங்களில் நிறையவே இருக்கின்றன. இதை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

இப்படி இருக்கையில், ஓய்வாகத்தானே இருக்கிறீர்கள், எங்கள் வம்சாவளியைத் தேடித் தாருங்களேன் என்று மருமகள் கேட்டாள். கேட்டதுதான் தாமதம், நான் அதிலேயே மூழ்கிப்போனேன். இங்கே ஏழை எளியவருக்கும் ஏடு இருக்கிறது, ஓய்! 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் தன் எல்லைக்குள் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். 1837 ஜூலை முதல் அரசே பிறப்பு இறப்புகளைப் பதிகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் 1841 முதல் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியும், சொல்லும் பார்ப்போம்.

சம்பந்தியைத் தூக்கி வளர்த்தவர் அவருடைய பாட்டனார். அவர் 1907-இல் லங்காஷயரின் நெசவாலை நகரமான பிளாக்பர்னில் பிறந்தவர் என்பதால் அவருடைய முழுப் பிறப்புச் சான்றிதழின் நகலை வரவழைத்தேன். பிறந்த இடத்துக்குரிய கட்டத்தில் ஓர் எண்ணும் ஒரு சாலையின் பெயரும் இருந்தன. தொலைபேசியில் முகவரியைக் கேட்டதும் சம்பந்திக்குத் தலைகால் புரியவில்லை. அது நிச்சயம் பெரிய பங்களாவாகத்தான் இருந்திருக்கும் என்றார். பெரிய கட்டடம் என்பதில் ஐயமில்லை. அந்தக் காலத்து அளவைத்துறை வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, அதே இடத்தில் ‘ஒர்க்ஹவுஸ்’ என்று அச்சிட்டிருந்தது. பிழைக்க வழியற்றவர்களை அடைத்துவைத்து வேலை வாங்கிச் சோறு போட்ட அரசு விடுதி அது. அங்கே பிறந்த குழந்தை பிற்காலத்தில் தலைகுனியக் கூடாது என்பதற்காக, 1904 முதல் விடுதியின் பெயரை விட்டுவிட்டு வெறும் தெரு முகவரியை எழுதும் வழக்கம் வந்திருக்கிறது. குமாஸ்தாக்களின் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த ஒரு முறைதான். நீர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முகவரியோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. தந்தையின் பெயருக்குரிய கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே இழுத்திருக்கிறது. மணமாகாத தாய் தனியாகப் பதிய வந்தால் அவள் சொல்லும் பெயரை எழுதக் கூடாது, தந்தையும் உடன் வந்து ஒப்பமிட வேண்டும் என்பது 1875 முதல் அந்நாளில் இருந்த சட்டம். ஆகவே சம்பந்தி தட்டில் தீட்டி மாட்டியிருக்கும் குடும்பப் பெயர், விசைத்தறி நெசவாளியான அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பெயர்.

அவளைத் தேடிப் போனேன். 1911 கணக்கெடுப்பில் வீட்டார் நிரப்பிய படிவங்களே அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. குடும்பத் தலைவி அவளுடைய தாய், கைம்பெண், தன் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி இட்டவள். எனவே படிவத்தை நிரப்பியது ஆலைக்கும் பள்ளிக்கும் அரை அரை நாளாகப் போய் எழுத்துக் கற்ற மகளாகத்தான் இருக்க வேண்டும். தலைவிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் தனக்கு ‘மகள்’ என்றும் நான்கு வயதுச் சிறுவனுக்குப் ‘பேரன்’ என்றும் எழுதியிருக்கிறாள். இரண்டும் சத்தியம். ஆனால் அவன் அவளுடைய பிள்ளை என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை. பெற்ற குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்ற கேள்வி மணமான பெண்களுக்கு மட்டுமே உரியது, கைம்பெண்கள் விடை தர வேண்டியதில்லை. கிழவி தந்திருக்கிறாள்: ஒன்பது, நான்கு, ஐந்து. தேவையற்ற தகவல் என்று ஏதோ ஓர் அதிகாரி சிவப்பு மையால் அடித்திருக்கிறார். அடித்தலுக்கு அடியில் மூன்று எண்களும் தெளிவாகத் தெரிகின்றன. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் கேளும். அந்தக் கிழவி குழந்தையாக இருந்தபோதுதான் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடின. பதிலுக்கு இந்தியாவிலிருந்து சூரத் பஞ்சு வந்தது. குட்டை இழை, தறியில் ஏற்றினால் அறுந்துகொண்டே இருக்கும். “ஆண்டவரே, பஞ்சு அனுப்பும், ஆனால் சூரத் பஞ்சு வேண்டாம்” என்று தொழிலாளர்கள் ஜெபித்ததாக ஒரு கதை உண்டு. சம்பந்தி வீட்டார் நம் நாட்டை முதலில் சபித்தது பஞ்சுக்காகத்தான், என் மகனுக்காக அன்று.

அந்தப் பெண் பிள்ளையை எவருக்கும் தத்துக் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டதற்கும் தறியே காரணம் என்று நினைக்கிறேன். 1892-இல் ஏற்பட்ட பொதுக் கூலிப் பட்டியலின்படி, லங்காஷயரில் ஒரே துணிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேறு எந்தத் தொழிலிலும் ஒரு பெண்ணுக்கு அது கிடைப்பது அரிதாக இருந்த காலம். பையனும் நெசவுக்கே போனான். 1931 செப்டம்பரில் காந்தி பக்கத்து ஊரான டார்வனுக்கு வந்து வேலையிழந்த நெசவாளர்களைச் சந்தித்தாரே, அப்போது அவனுக்கு வேலை இருந்ததா என்று பார்க்க வழியில்லை. அந்த ஆண்டின் கணக்கெடுப்பு முழுவதும் 1942-இல் தீயில் எரிந்துவிட்டது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சம்பந்தியிடம் சொல்வதா, வேண்டாமா? வயதான காலத்தில் அவருடைய மனத்தைக் கலைக்காதீர்கள் என்கிறாள் என் மனைவி. இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு பொருட்டா என்கிறான் மகன். அவனுக்கென்ன, தட்டை மாட்டியவர் அவன் இல்லை. சிங்கம் போட்ட தட்டைவிட அந்த 1911-ஆம் ஆண்டுப் படிவம் பெருமைக்குரியது என்பது என் எண்ணம். ஆயினும், “உம் பாட்டனாருக்குத் தந்தை பெயர் இல்லை” என்று ஒருவரிடம் சொல்வதற்கு, கொண்டான் கொடுத்தான் உறவில் வந்த எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? அவருக்கே பாதி தெரிந்திருக்குமோ என்ற ஐயமும் உண்டு. குடும்பப் பெயரின் பெருமையை எவராவது எடுத்தால் பாட்டனார் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார் என்று அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். தட்டை வாங்கி மாட்டியது கிழவர் இறந்த பிறகுதான்.

ஆகஸ்டுக் கடைசியில் அவர் இங்கு வருகிறார். பிறப்புச் சான்று, 1911 படிவம் இரண்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மருமகளிடம் முதலில் காட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், அவளுடைய இரத்தம், அவளுக்குத்தான் முதல் உரிமை. அவரிடம் காட்டத்தான் வேண்டும் என்று அவள் சொன்னால், எதை முதலில் விரிப்பது, கோடிட்ட கட்டத்தையா, ‘பேரன்’ என்று எழுதிய கையெழுத்தையா? எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறும் என்று தெரிந்தே எத்தனையோ பத்திரங்களை விரித்தவர் நீர். ஆகஸ்டுக்கு முன் எழுதும்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உம் பழைய நண்பன்