பேசிய மொழிக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,
தேசிய புலமைச் சொத்து அலுவலகம்,
கொழும்பு 10.

வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமைகளில் கூடிக் குறும்படம் எடுக்கும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் உயர்தரம் எழுதியவர்கள், அல்லது எழுதப் போகிறவர்கள். நான்தான் வயதில் மூத்தவள். வீடியோ எடிட்டிங் எனக்குத் தொழில்.

போன வருடம் 14 நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்த்த ஒரு வெளிநாட்டு மாயக்கதைத் தொடரின் உலகத்தில் நடக்கும் கதை. கதையும் ஆட்களும் எங்களுடையவை; அந்த உலகம் அவர்களுடையது. தொடருக்காக உருவாக்கிய மொழியிலேயே வசனம் முழுவதையும் பேசி, கீழே தமிழில் எழுத்துப் போட்டோம். வாள்களை ரெஜிபோமில் வெட்டினோம். மொத்தச் செலவு 38,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் திரீவீலுக்கும் சோற்றுப் பார்சலுக்கும் போனது. யாரிடமும் பணம் கேட்கவில்லை, விளம்பரமும் போடவில்லை.

யூடியூபில் ஏற்றிய பதினோராம் நாள் படம் காணாமற்போனது. உரிமையாளரின் சார்பில் எழுதுவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் மீறியதாக அவர்கள் போட்டிருந்த பட்டியலில் உடைகள் இருந்தன, இடப்பெயர்கள் இருந்தன, கடைசியில் மொழியும் இருந்தது. வசனம் எழுதிய பிள்ளை அந்த மொழியை எட்டு மாதம் தானாகப் படித்தவள். இரண்டு கொப்பி நிறையச் சொற்களும் வினைமுற்றுகளும் எழுதி வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, இதற்குப் பொலிஸ் வருமா?” என்று கேட்டார். எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உடைகளையும் இடப்பெயர்களையும் பற்றி அவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கலாம். உழைத்து ஓர் உலகத்தைக் கட்டியவர்கள் அதைக் காக்க நினைப்பது எனக்கு விளங்குகிறது. என் வேலையை யாராவது எடுத்தால் எனக்கும் வலிக்கும். ஆனால் ஒரு மொழியைப் பேசுவதே களவு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடரின் இரசிகர்கள் சிலர் ‘அக்ஸனார்’ என்ற படத்துக்காகப் பொதுமக்களிடம் 10 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் பரமவுண்ட், சீபீஎஸ் நிறுவனங்கள் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டன. அடுத்த ஆண்டு திருத்திக் கொடுத்த முறைப்பாட்டில், அந்தத் தொடரில் வேற்றுக்கிரகவாசிகள் பேசும் கிளிங்கொன் மொழியையும் தங்கள் உடைமையாகக் காட்டின. மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் உருவாக்கி, 1985இல் அகராதியாகவும் வெளிவந்த மொழி அது. மொழிகளை உருவாக்குவோரின் சங்கம் ஒன்று, மொழி யாருக்கும் சொத்தாக முடியாது என்று நீதிமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தது. மனுவின் சில பகுதிகள் கிளிங்கொனிலேயே எழுதப்பட்டிருந்தன! நீதிமன்றமோ மொழிக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. 2017 ஜனவரியில் அந்தப் படம் நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி கேட்காமலே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம்தரும் பயன்பாடு, ஆகாது என்று நீதிபதி சொன்னார்; அதே மாதம் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. மொழிக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது. அக்ஸனார்காரர்கள் திரட்டிய தொகையைப் பார்த்தால் உரிமையாளர்கள் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் எங்கள் சோற்றுப் பார்சல் கணக்கையும் அதே தராசில் வைக்க வேண்டுமா?

தமிழ் படித்த நமக்கு ஒரு பழைய பாடம் உண்டு: எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோல இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்படும். புனைந்த மொழியில் இது தலைகீழ், அங்கே எண்ணெய்தான் முதலில் வருகிறது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். உண்மைதான். தமிழை யாரும் உட்கார்ந்து உருவாக்கவில்லை. கிளிங்கொனை ஒருவர் உருவாக்கினார். சரி, அந்த ஒருவர் எழுதிய அகராதியை நான் அச்சடித்து விற்றால் அது களவு. அதிலுள்ள விதியைப் படித்து, அவர் ஒருபோதும் சொல்லாத ஒரு வாக்கியத்தை நான் சொன்னால்? அந்த வாக்கியம் என்னுடையது. எங்கள் படத்தில் ஒரு தாய் மகனை வழியனுப்புகிறாள். அவள் பேசும் ஒன்பது வரிகளும் அந்தத் தொடரில் எங்கும் இல்லை. அவற்றை எழுதியவள் இராமகிருஷ்ணா வீதியில் இருக்கும் ஒரு பிள்ளை.

பாகுபலியில் காளகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கியை நம் வீட்டுச் சின்னவர்கள்கூடக் கத்தித் திரிந்தார்கள். எழுத்துக்கு எழுத்து ‘க’ போட்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில் இரகசியம் கதைத்தோமே, அதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? உலகத்தின் புகழ்பெற்ற புனைமொழியான எஸ்பெராண்டோவை 1887இல் வெளியிட்ட சாமன்ஹோஃப், அதன் மீது தனக்கு உரிமை வேண்டாம் என்று அப்போதே விட்டுக்கொடுத்தார். அதனால்தான் இன்றும் அதைப் பேச ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தையும் என்னால் முடிந்த அளவு படித்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, எண்ணம், முறைமை, கோட்பாடு போன்றவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. மொழி ஒரு முறைமை இல்லையென்றால் வேறு எது முறைமை? 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டைச் சொல்கிறது: பயன்பாடு வணிக நோக்கமுடையதா, எவ்வளவு எடுக்கப்பட்டது, மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போய் இதைத் தெரிந்துகொள்ள முடியுமா?

நான் கேட்பது ஒரு வழிகாட்டி. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கம் போதும். இலாபமில்லாத இரசிகர் படத்தில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, படம் நீக்கப்பட்டால் என்ன பதில் எழுதலாம், முக்கியமாக ஒரு புனைமொழியில் சொந்த வசனம் எழுதலாமா என்று அதில் சொல்லுங்கள். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2016 ஜூனில், ஸ்டார் ட்ரெக் உரிமையாளர்கள் இரசிகர்களுக்கு விதிகளை வெளியிட்டார்கள்: ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பகுதியென்றால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டொலருக்கு மேற்படக் கூடாது. அந்த விதிகள் இறுக்கமானவை என்று பலர் திட்டினார்கள். எனக்கும் எல்லாம் பிடிக்கவில்லை. ஆனால் எல்லை எங்கே என்பதாவது அவர்களுக்குத் தெரிந்தது. எங்களுக்கு அதுகூட இல்லை.

வழிகாட்டியை எழுதும் முன் எங்களைப் போன்றவர்களையும் ஒருநாள் கூப்பிட்டுக் கேளுங்கள், தமிழிலேயே பேச இடம் கொடுங்கள். படத்தையும் வசனம் எழுதிய இரண்டு கொப்பிகளையும் கொண்டு வருகிறோம். வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கினால் உங்கள் அலுவலகம் நடந்து வரும் தூரம்தான். சனி, ஞாயிறு தவிர எந்த நாள் என்று சொன்னாலும், பிள்ளைகளின் டியூஷன் நேரத்தை மாற்றி வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு படத்தொகுப்பாளர்