துவர்த்து (துண்டு) தந்த அம்மாவுக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற வாரம் குளத்துப்புழை பாலசாஸ்தா சன்னதியில் எங்கள் மகனுக்கு முதல் சோறு ஊட்டினோம். அவன் பிறந்து ஆறு மாதம் நிறைந்துவிட்டது. இந்த ஆறு மாதத்தில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. ஒருவருக்கு நேரில் சொல்லும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் செங்கோட்டைக்காரன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மனைவிக்குத் தாய்வீடு மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவில். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தபோது ஆரியங்காவு கேரளத்தில் நின்றுகொண்டது. ஆனாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எங்கள் குடும்பங்களில் நிற்கவே இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்ற முறைப்படி வளைகாப்பு முடிந்ததும் அவளை அங்கே அனுப்பிவைத்தோம். வீட்டில் ஒருத்தி கருவுற்றிருந்தால் கணவன் மாலை போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆகவே ஒன்பது ஆண்டுகளாகத் தவறாமல் சபரிமலைக்குப் போய்வந்த நான் சென்ற கார்த்திகையில் மாலை அணியவில்லை.

2024 டிசம்பர் 9, திங்கள்கிழமை இரவு மண்டியில் இருப்புக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை தொலைபேசியில் அழைத்தார். வலி கண்டுவிட்டது, பக்கத்து வீட்டுச் சேச்சியின் ஜீப்பில் புனலூருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பேருந்தும் இல்லை, ரயிலும் இல்லை. கொல்லத்துக்குச் சின்ன உள்ளிச் சிப்பங்களை ஏற்றி முடித்து, தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக நின்ற அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஏறுங்க சாமி" என்றார், அவ்வளவுதான்.

புளியரை வளைவிலிருந்தே ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. மலையேறி இறங்கிப் புனலூரை அடைய நள்ளிரவு தாண்டிவிட்டது. விரதக்காரர்கள் பிள்ளை பிறந்த வீட்டின் பக்கம் வரமாட்டார்கள் என்பதால், அவர் என்னை இறக்கிவிட்ட கையோடு புறப்பட்டிருப்பார் என்றே நினைத்தேன். விடியற்காலை நாலே காலுக்கு மகன் பிறந்தான். செய்தி சொல்ல யாரும் இல்லாமல் வாசலுக்கு வந்தால், சாலையோரம் அந்த வண்டி அப்படியே நிற்கிறது. "ரெண்டு உசுரும் நல்லாருக்கா சாமி?" என்று கேட்டுவிட்டு, கிழக்கே பார்த்துச் சரணம் சொல்லிப் புறப்பட்டார். அன்று அவர் சரக்கு ஏலத்துக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது என்பதை மண்டிக் கணக்கில் நானே பின்னால் பார்த்தேன். அண்ணாச்சி, அந்த நட்டத்தை நீங்கள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நான் நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை. அந்தக் கடன் என்மேல் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் கண்ணும் நெஞ்சும் மஞ்சளாகத் தெரிந்தன. பிறந்த குழந்தைகளுக்கு இது பரவலாக வருவதுதான் என்றும், நீல ஒளி தோலில் பட்டால் பிலிருபின் என்ற அந்த மஞ்சள் பொருள் உடலிலிருந்து வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாறிவிடும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆனால் அந்த மருத்துவமனையில் விளக்குக் கருவி பழுதாகிக் கிடந்தது. அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடத்துக்கே போயிருப்போம் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. கொட்டும் மழையில், தையல் போட்ட உடம்போடு மனைவி குழந்தையை மார்போடு அணைத்தபடி வேறு மருத்துவமனைக்கு மாறினோம். அங்கே கண்ணைச் சிறு துணியால் மூடி, நீல வெளிச்சத்தில் அவனைப் படுக்கவைத்தபோது என் கால்கள் நடுங்கின. என் மலையாளம் கடைத்தெரு மலையாளம். அதைப் புரிந்துகொண்ட செவிலிச் சேச்சி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பேடிக்கேண்ட அண்ணா" (பயப்பட வேண்டாம் அண்ணா) என்று அன்றைக்கு அவர் எத்தனை முறை சொன்னார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

அன்று மாலை செங்கோட்டையிலிருந்து என் சதுரங்கத் தோழன் ஒரு குடுவை நிறையக் கஞ்சியோடு மழையில் வந்து சேர்ந்தான். தேநீர்க் கடைப் பின்கட்டில் ஞாயிறுதோறும் ஆடும் எங்கள் ஏழெட்டுப் பேருக்கும் அதுதான் பொழுதுபோக்கு. அன்று டிசம்பர் 12, சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பதினான்காவது, கடைசி ஆட்டம். தாழ்வாரத்தில் அமர்ந்து, ஒலியை அடக்கி, ஒரே கைபேசியில் இருவரும் பார்த்தோம். கறுப்புக் காய்களோடு ஆடி, ஏழரைக்கு ஆறரை என்ற புள்ளிக்கணக்கில் வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன அந்தப் பிள்ளை கண்ணீரோடு காய்களை மறுபடி பலகையில் அடுக்கியதைப் பார்த்தபோது எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் அன்றிரவு என் மனதில் நின்றது ஆட்டம் அல்ல. மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போன அவருடைய தந்தை, அரங்கின் வெளியே காத்திருந்து மகனைத் தழுவிக்கொண்ட காட்சிதான். கண்ணாடிக்கு அப்பால் நீல வெளிச்சத்தில் கிடந்த மூன்று நாள் பிள்ளையை அதன்பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன். தோழா, அந்தக் கஞ்சிக்கும் அந்த மாலைக்கும் நன்றி.

மண்டி முதலாளி அண்ணாச்சிக்கும் தனியே சொல்லவேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. மண்டிக் கணக்கருக்கு அப்படி ஏதும் இல்லை. ஆனாலும் நான் வேலைக்கு வராத பன்னிரண்டு நாளும் அவர் சம்பளம் பிடிக்காமல் கொடுத்தார். என் பேரேட்டை உடன் வேலை செய்யும் தம்பிகள் ஒரு வரி பிழையின்றி எழுதிவைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் நடந்தவை அன்றாடக் காரியங்கள்தான், ஆனாலும் அவற்றையே நான் அதிகம் நினைக்கிறேன். அத்தை இடித்துக் கிளறிய பிரசவ லேகியமும், காலை நீட்டி அதில் பேரனைக் கிடத்தி என் அம்மா ஊற்றிய வெந்நீரும், இரவு இரண்டு மணிக்கு அவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்ட மதினி எனக்குக் கற்றுக்கொடுத்ததும் மறக்கக்கூடியவை அல்ல. சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் மூன்று நாள் ஆனாலும் துணி காயாது. தெருமுனையில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கும் பெரியவர், இந்த ஆனி மாதத்தில் நாள்தோறும் காலையில் எங்கள் பிள்ளையின் தொட்டில் துணிகளையும் கோவணத் துணிகளையும் வாங்கி, கரிப்பெட்டியால் சூடாகத் தேய்த்து ஈரம் போக்கித் தருகிறார். காசு கேட்பதில்லை. அந்தத் துணியின் கதகதப்பு மாறுமுன்பே பிள்ளைக்குச் சுற்றிவிடுவோம்.

சாஸ்தா எங்கள் மலைகளில் குளத்துப்புழையில் குழந்தையாகவும், ஆரியங்காவில் இளைஞராகவும், அச்சன்கோவிலில் இல்லறத்தாராகவும் இருக்கிறார் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். சன்னதியில் ஒரு பருக்கைச் சோற்றை மகன் நாக்கால் தள்ளித் தள்ளிக் கடைசியில் விழுங்கியபோதுதான் அந்தக் குழந்தைச் சாமியின் முன் முதன்முறையாகத் தகப்பனாக நிற்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. பிறகு ஆற்றில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுத் திரும்பினோம்.

இனி, நேரில் நன்றி சொல்ல முடியாமல் போனவர். டிசம்பர் 12 இரவு, புனலூரில் நாங்கள் மாறிவந்த மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுத் தாழ்வாரத்தில், நனைந்த சட்டையோடு குளிரில் ஒடுங்கியிருந்த என் தோளில் ஒரு துவர்த்தைப் போர்த்திவிட்டுப் போனீர்கள், அம்மா. உங்கள் பேத்தி அடுத்த தொட்டிலில் இருந்தாள். காலையில் நான் எழுந்தபோது நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துவர்த்து அது, ஒரு முனையில் சிவப்பு நூலால் தையல் போட்டிருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இதைப் படிப்பவர்களில் அந்த அம்மாவைத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், செங்கோட்டையில் ஒருவன் அதைத் திருப்பித் தரக் காத்திருக்கிறான் என்று சொல்லுங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
செங்கோட்டையிலிருந்து ஒரு தகப்பன்