பலகாரத்தைத் தடுக்க வேண்டாம், டின்னை மூடி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினாலே பத்திரிகைகளில் ஒரு பக்கம் பலகாரச் செய்முறை வருகிறது, மறுபக்கம் "இனிப்பைத் தவிருங்கள்" என்று அறிவுரை வருகிறது. அந்த அறிவுரையை எந்த வீட்டிலும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை என்றே சொல்வேன். பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்வந்த பல் தாதி நான், இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பிள்ளைகளுக்கு நான் 'பல் மிஸ்ஸி'. அவர்கள் வாயைப் பார்த்தே காலம் கழித்தவள் என்ற உரிமையில் பெற்றோர்களிடம் சில விஷயங்கள் பேச வேண்டும்.

எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்பதைவிட, எத்தனை தடவை வாயில் போட்டோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். பிறகு எச்சில் ஊறி அமிலத்தை அடக்கி, கரைந்த சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சேர்க்கும். இதற்கு அரை மணி நேரமாவது வேண்டும், சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு நெய் உருண்டை, ஒரு அதிரசம், ஒரு துண்டு தேங்காய் மிட்டாய் எல்லாம் சேர்த்துத் தின்றாலும் பல்லுக்கு அது ஒரு தாக்குதல்தான். அதே மூன்றையும் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வெடி கொளுத்தப் போகும்போது ஒன்று என்று தின்றால் மூன்று தாக்குதல். நம் வீடுகளில் நடப்பது இரண்டாவது வகை. ஹாலில் மேசைமேல் டின்கள் வரிசையாகத் திறந்தே கிடக்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. ராத்திரி வரை எச்சிலுக்கு வேலை செய்ய இடமே கிடைக்காது.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம்தான். விருந்தாளி வரும்போதும் சாப்பாட்டுக்குப் பிறகும் தட்டில் எடுத்து வையுங்கள், மற்ற நேரம் டின் மூடியே இருக்கட்டும். பிள்ளையை ஏங்க விடச் சொல்லவில்லை, வேண்டிய மட்டும் ஒரே வேளையில் கொடுத்துவிடுங்கள்.

வெல்லத்தில் செய்தது, பனங்கருப்பட்டியில் செய்தது, கெடுதல் இல்லை என்று பல தாய்மார்கள் நம்புகிறார்கள். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தேனும் அப்படித்தான். பல்லில் ஒட்டிக்கொள்ளும் பலகாரம்தான் அதிகக் கெடுதல். தேங்காய் மிட்டாயும் பாகு கெட்டியாக வந்த எள் உருண்டையும் கடைவாய்ப்பல் குழியில் அப்பிக்கொண்டு நெடுநேரம் கிடக்கும். தின்ற பிறகு வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து விழுங்கச் சொல்லுங்கள். இடையில் பசித்தால் ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) இருக்கவே இருக்கிறது. சர்க்கரை பூசாத கடலையை மென்றால் எச்சில் நன்றாக ஊறும். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு மட்டும் முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும்.

எனக்குப் பலகாரத்தைவிட அதிகப் பயம் கலர் தண்ணீரில்தான். திறந்த இல்ல உபசரிப்பு என்றால் ஆரஞ்சு, சார்சி, ரோஸ் சிரப் என்று பெட்டி பெட்டியாக இறக்குகிறோம். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து மலேசிய அரசாங்கம் வரி போடுகிறது. நம் பழக்கம் குறைந்த மாதிரி தெரியவில்லை. வாயு அடைத்த பானத்தில் சர்க்கரையோடு அமிலமும் சேர்ந்தே வருகிறது. பிள்ளைகள் ஒரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உறிஞ்சுகிறார்கள். கோயில் நிர்வாகத்தினரும் சங்கப் பொறுப்பாளர்களும் விருந்து மேசையில் கலர் தண்ணீருக்கு முன்னால் வெறும் தண்ணீர் ஜாடியை வைத்தால் பெரிய புண்ணியம். கைக்குழந்தைக்குப் புட்டியில் சிரப்போ கட்டிப்பால் கரைத்ததோ கொடுத்துத் தூங்க வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முன்பற்கள் கரைந்து கறுத்துப்போன இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தால் மனசு தாங்காது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 1972இல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை நாடு முழுதும் கொண்டுவர அரசாங்கம் முடிவு செய்தது. பல்லின் மேல்பூச்சை உறுதியாக்கும் சத்து அது. இப்போது பல குடும்பங்கள் தண்ணீர் இயந்திரத்தில் காசு போட்டு நிரப்பிக் குடிக்கின்றன. அந்த இயந்திரம் 'ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்' முறையில் வடிகட்டுவதாக இருந்தால் ஃபுளோரைடும் பெரும்பாலும் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் பற்பசை மேல் இன்னும் கவனம் வேண்டும். பற்பசை டியூபின் மேல் 1000 பிபிஎம் (ppm) ஃபுளோரைடு அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மூன்று வயது வரை அரிசியளவு, அப்புறம் பட்டாணியளவு போதும். கரியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள், பல் தேய்ந்துதான் போகும்.

தீபாவளி ராத்திரி பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்திவிட்டு, புதுச்சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே சுருண்டு படுத்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் எழுப்பிப் பல் துலக்க வேண்டும். தூக்கத்தில் எச்சில் வற்றிவிடுவதால், பல்லில் ஒட்டியிருப்பது விடியும் வரை அரித்துக்கொண்டே இருக்கும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நீங்களே துலக்கி விடுங்கள். துலக்கியபின் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம், பற்பசையின் சத்து பல்லில் தங்கட்டும். கலர் தண்ணீர் குடித்திருந்தால் மட்டும் அரை மணி கழித்துத் துலக்குங்கள்.

என் வேலைக்காலத்தில் எனக்கு அதிக வேதனை கொடுத்தது ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல். பால்பற்களுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலே மேலே இரண்டு, கீழே இரண்டு சத்தமில்லாமல் வந்துவிடும். பெற்றோர் அதைப் பால்பல் என்றே நினைப்பார்கள். "விழப்போகிற பல்தானே மிஸ்ஸி, விடுங்க" என்று எத்தனை தாய்மார் சொல்லியிருக்கிறார்கள்! விழாது. அது ஆயுசுக்கும் உள்ள பல். இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு அதில் சொத்தை விழுந்திருப்பதைப் பார்க்கும்போது, தாய்க்கு முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று தோன்றும். அந்தப் பல்லின் குழிகளில் சொத்தை விழுவதற்கு முன்பே பூச்சு போட்டு அடைக்கலாம். அரசாங்கப் பல் கிளினிக்கில் கேளுங்கள்.

பள்ளிக்குப் பல் தாதி வருவதற்கு முன் ஒரு அனுமதிப் பாரம் வீட்டுக்கு வரும். பண்டிகை அமளியில் அது புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். விடுமுறை முடிவதற்குள் பையைத் துழாவிப் பாருங்கள். கையெழுத்து இல்லாவிட்டால் தாதிக்குச் சொத்தை கண்ணுக்குத் தெரிந்தாலும் அடைக்க முடியாது, பிள்ளையை அப்படியே வகுப்புக்கு அனுப்ப வேண்டியதுதான்.

ஆசிரியர் அவர்கள் இந்த ஆண்டு பலகாரச் செய்முறைப் பக்கத்தின் ஓரத்திலேயே இதில் நாலு வரியைப் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன். தாய்மார்கள் வெட்டி எடுத்து வைக்கும் பக்கம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் தாதி,
சுங்கை சிப்புட், பேராக்