வேலூர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை அண்ணன்மாருங்களுக்கு: தூக்கத்துல இருந்து எழுந்திருக்காத மிஷினுக்கு ஃபார்மட் எதுக்கு?

அண்ணன்மாருங்களுக்கு வணக்கம்.

ஆபீசர்ஸ் லைன்ல இருந்து காட்பாடி வரைக்கும், அப்புறம் குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் கடை வச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்துதான் எழுதுறேன். சத்துவாச்சாரியில சின்னதா ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துறேன். ரிப்பேர் என் தொழில் இல்ல, உங்களுக்குப் போட்டியாவும் வரல. ஆனா உங்க கடையில ஃபார்மட் ஆகி வர்ற மிஷின் பலது நேரா எங்கிட்டதான் வந்து நிக்குது, "அக்கா, பாமினி ஃபாண்ட் காணோம், பழைய பத்திரிகை ஃபைல் எல்லாம் புரியாத இங்கிலீஷ் எழுத்தா வருது, இன்னா பண்றது"ன்னு கேட்டுக்கினு. இ-சேவை வச்சிருக்கிறவங்க பாடு இன்னும் மோசம், கைரேகை மிஷினோட சாஃப்ட்வேர் போயிடும், பிரிண்டர் போயிடும், வாசல்ல ஜனங்க நிப்பாங்க.

இதுல நிறைய மிஷினுக்கு இருந்த கோளாறு ஒண்ணே ஒண்ணுதான், ஸ்லீப்ல போச்சு, எழுந்திருக்கல. ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. அதுக்குப் போய் ஃபார்மட் போடுறது தலைவலிக்கு மொட்டை அடிக்கிற கதைதான்.

தூக்கிட்டு வர்றவங்ககிட்ட முதல்ல ஒண்ணு கேளுங்க, பவர் பட்டனை 10 செகண்ட் விடாம அழுத்தி ஆஃப் பண்ணிட்டு திரும்ப போட்டா நல்லா ஆன் ஆகுதான்னு. ஆகுதுன்னா மதர்போர்டு செத்துடுச்சுன்னு சொல்ல அங்க பெரிசா ஒண்ணும் இல்ல. ரேமை கழட்டி பென்சில் ரப்பர்ல தேய்ச்சு மாட்டுற கை வைத்தியத்தை நான் குறை சொல்லல, டிஸ்ப்ளேயே வராத மிஷினுக்கு அது பல தடவை கேக்கும், ஆனா தினமும் காலையில ஒழுங்கா பூட் ஆகி மத்தியானம் ஸ்லீப்ல மட்டும் மாட்டிக்கிற மிஷினுக்கு ரப்பர் இன்னா பண்ணும்?

அடுத்தது, ஸ்கிரீன் கறுப்பா இருக்கும்போதே கேப்ஸ் லாக்கை தட்டிப் பாருங்க. கீபோர்டுல அந்த குட்டி லைட்டு எரிஞ்சு அணைஞ்சா மிஷின் ஏற்கனவே முழிச்சிக்கிச்சு, படம்தான் வரல. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் ஒண்ணா அழுத்தினா கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது ஸ்கிரீன்ல படம் காட்டுற சாஃப்ட்வேர், மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், ஒரு பீப் சத்தம் கேட்டு ஸ்கிரீன் வந்துச்சுன்னா கோளாறு எந்தப் பக்கம்னு அங்கயே தெரிஞ்சிடும். அப்புறம் அந்த மாடல் நம்பர் போட்டு கம்பெனி சைட்ல இருந்தே டிரைவர் எடுத்துப் போடுங்க. எல்லா மிஷினுக்கும் ஒரே பென்டிரைவ்ல இருந்து டிரைவர் அள்ளிப் போடுற பழக்கம் இருக்கு பாருங்க, பாதி சிக்கல் அதுலதான் ஆரம்பிக்குதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கீபோர்டு, மவுஸ் தட்டினா எழுந்திருக்கல ஆனா பவர் பட்டனை லேசா ஒரு தட்டு தட்டினா எழுந்திருக்குதுன்னா அது இன்னும் சின்ன விஷயம். டிவைஸ் மேனேஜர்ல கீபோர்டு பிராப்பர்ட்டிஸ் உள்ள போய், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கிற டிக்கை போட்டா முடிஞ்சுது. அதுக்கு 500 வாங்குனாலும் நான் கேக்க மாட்டேன், வேலை தெரிஞ்சவங்களுக்குக் கூலி குடுக்கத்தான் வேணும்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவரை திறந்து, கெர்னல் பவர் 41னு ஒரு பதிவு சிவப்புல இருக்குது பாரு, எஸ்எம்பிஎஸ் (மிஷினுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி) போச்சுன்னு சொல்றதையும் விட்டுடுங்க. அது, மிஷின் முறையா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சுன்னு மட்டும்தான் சொல்லுது, பட்டனை அழுத்திப் புடிச்சு ஆஃப் பண்ணாலே அந்த 41 வந்து உக்காந்துக்கும்.

நம்ம ஊருக்குன்னே ஒண்ணு இருக்கு. ஸ்லீப்ல மிஷின் முழுசா ஆஃப் ஆகாது, திறந்து வச்சதெல்லாம் ரேம்லயே இருக்கும், ரேமுக்கு கரண்ட் போய்க்கினே இருக்கணும். அக்னி நட்சத்திரத்துல ஏசி எல்லாம் ஒண்ணா ஓடி கரண்ட் போகுது, பராமரிப்புன்னு வேற நிறுத்துறாங்க, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புல அந்த நிமிஷமே ரேம்ல இருந்தது காலி. வந்து பாத்தா எல்லாம் மூடிக் கிடக்கும், அவங்க "தூக்கத்துல செத்துடுச்சு"ன்னு உங்ககிட்ட வருவாங்க. அவங்களுக்கு ஹைபர்னேட் வச்சுக் குடுங்க, அது டிஸ்க்குல எழுதிட்டுதான் ஆஃப் ஆகும், கரண்ட் போனாலும் வந்தாலும் கவலை இல்ல.

புது லேப்டாப்புல கதையே வேற. பலதுல நான் மேல சொன்ன, ரேமுக்கு மட்டும் கரண்ட் போற பழைய ஸ்லீப்பே (எஸ்3னு பேரு) கிடையாது. கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் ஏ அடிச்சுப் பாருங்க, எஸ்0 லோ பவர் ஐடில்னு வந்தா அது மாடர்ன் ஸ்டேண்ட்பை, மூடி வச்சாலும் உள்ள அரை முழிப்புலதான் இருக்கும். காட்பாடியில பையில போட்டு ரயில் ஏறின புள்ள சென்ட்ரல்ல இறங்கி திறந்தா சில நேரம் லேப்டாப் சுடும், பேட்டரி சுத்தமா இருக்காது, பட்டனை அமுக்கினா ஒண்ணும் வராது. சார்ஜர் சொருகி கொஞ்ச நேரம் விட்டா வந்துடும். மூடினா ஹைபர்னேட்னு செட்டிங் மாத்திட்டா அந்தத் தொல்லையும் இல்ல.

சில பேரு ஸ்லீப்பையே நெவர்ல போட்டு "சரி பண்ணிட்டேன்"னு அனுப்புறீங்க. டெஸ்க்டாப்புக்கு பரவால்ல, அதையாவது வாய் விட்டு சொல்லிடுங்க, கரண்ட் பில் கட்டுறது அவங்கதானே.

நான் கேக்குறது ரெண்டே ரெண்டுதான். ஃபார்மட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கேளுங்க, டெஸ்க்டாப் ஃபோல்டர், டேலி டேட்டா, ஃபாண்ட் ஃபோல்டர் மூணையும் காப்பி எடுத்துட்டீங்களான்னு. அப்புறம் பில்லுல "சர்வீஸ் சார்ஜ்"னு மொட்டையா எழுதாம இன்னா டிரைவர் மாத்துனீங்க, எந்த செட்டிங்கை தொட்டீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, அடுத்த தடவை வேற கடைக்குப் போனாலும் அந்த அண்ணன் அதைப் பாத்துட்டு அங்க இருந்து வேலையை ஆரம்பிப்பாரு.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி டிடிபி கடைக்காரி