ஓடு அதே ஓடுதான், வீடுதான் மாறிவிட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு. 1968ல் அப்பா கட்டியது. வீட்டுக்கு மங்களூர் ஓடு, பின்னால் மாட்டுக் கொட்டகைக்கு நாட்டு ஓடு. கூரையின் சரிவைத் தாங்கும் கைமரமும், அதன் குறுக்கே அடித்து ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டமும் உளுத்துப்போனதால் போன வருஷம் வீட்டு ஓடுகளையெல்லாம் இறக்கி மறுபடி ஏற்றினோம். வேலை முடிந்ததும் ரோட்டில் நின்று பார்த்தால் அது எங்கள் வீடு மாதிரியே இல்லை. அம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

வந்தவர்கள் ரீப்பரைக் கண் அளவிலேயே அடித்திருந்தார்கள். சில இடத்தில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் அதிகம் ஏறியிருந்தது, சில இடத்தில் சரியாகக் கவ்வவே இல்லை. வரிசை முழுக்க நெளிசல். முகட்டு ஓட்டுக்கு வைத்த சிமெண்ட் கலவை இருபுறமும் ஒரு சாண் வழிந்து, சிவப்புக் கூரையில் சாம்பல் பட்டை அடித்த மாதிரி காய்ந்திருந்தது. உடைந்ததற்குப் பதில் வாங்கிய புது ஓடுகளோ வாசலுக்கு நேர் மேலே, பழைய வேட்டியில் ஒட்டுப்போட்டதுபோல்.

பக்கத்து ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரைக் கெஞ்சி அழைத்து வந்தேன். அவர் முதலில் கூரையில் ஏறவே இல்லை. இரண்டு ஓடுகளைத் தரையில் மாட்டிப்பார்த்து, அந்த இடைவெளிக்கு ஒரு குச்சி வெட்டிக்கொண்டார். அப்புறம் அந்தக் குச்சியை வைத்தே எல்லா ரீப்பரையும் நூல் பிடித்து அடித்தார். கூரை கீழே முடியும் இறவாணத்தில் மட்டும் கனமான ரீப்பர். முதல் வரிசைக்குக் கீழே தாங்க ஓடு இல்லாததால், அதைத் தூக்கிக் கொடுக்காவிட்டால் கூரையின் விளிம்பு தலை குனிந்த மாதிரி தெரியும் என்றார். பின்பக்கத்துப் பழைய ஓடுகளைக் கழற்றி முன்னால் போட்டு, புது ஓடுகளைப் பின்னால் தள்ளினார். முகட்டுக் கலவையில் செங்காவி கலந்து, ஓட்டு விளிம்புக்கு உள்ளேயே வழித்துவிட்டார். நான்கே நாள்தான்! அம்மா நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாட்டு ஓட்டுக்கு இவ்வளவு கண்டிப்பு கிடையாது. மல்லாத்தி ஒன்று, கவிழ்த்து ஒன்று என்று அடுக்கும்போது கொஞ்சம் முன்பின் போனாலும் உழுத சால் மாதிரி அதற்கென்று ஓர் அழகு வந்துவிடும். மங்களூர் ஓடு அப்படியில்லை. 1865ல் பாசல் மிஷன் என்ற ஐரோப்பியக் கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கி அச்சில் அழுத்திச் செய்த ஓடு அது. ஒன்றை ஒன்று கவ்வும் பள்ளமும் வரம்பும் இருப்பதால், ஒரு வரிசையில் பிசகினால் மேலே போகப் போகக் காட்டிக்கொடுக்கும்.

ஓசூர் தளி ரோட்டில் என் தங்கை மகன் ஷிங்கிள்ஸ் போட்டு வீடு கட்டினான். தார் கலந்த மெல்லிய தகடு, மேலே கல் துகள். அங்கேயும் இதே கதைதான். நூல் அடிக்காமல் ஒட்டியதால் வரிசை சாய்ந்துவிட்டது. கட்டுகளைக் கலந்து போடாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒட்டியதில் பாதிக் கூரை ஒரு நிறம், மீதி வேறு நிறம். ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வந்தால் பார்வைக்கும் கெடுதல், தண்ணீரும் இறங்கும்.

பண்ணை வீடு, விடுதி என்று நம் மாவட்டத்தில் மறுபடியும் சரிவுக் கூரை போடுகிறார்கள், சந்தோஷம். ஆனால் நூல் பிடிக்கத் தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அரசு ஐ.டி.ஐ.களில் ஓடு வேய்வதற்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி தொடங்கி, இந்தக் கைகளை வைத்தே சொல்லித்தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் ஆசாரி வரத் தயார். நானே அவரிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மா விவசாயி,
காவேரிப்பட்டினம் அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம்.