கிராஸ் ஓவர் பார்சல் கட்டும் முன்: நாணயச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நாணயச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

காசு அசல்தானா என்று பார்த்து, அதன் தரத்துக்கு எண் (கிரேடு) கொடுத்து, ‘ஸ்லாப்’ என்ற மூடிய பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருபவை என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற அமெரிக்க நிறுவனங்கள். என்ஜிசி ஸ்லாபில் இருக்கும் காசை பிசிஜிஎஸ் ஸ்லாபுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கும் உறுப்பினர்கள் உண்டு; இந்த மாற்றத்துக்குத்தான் கிராஸ் ஓவர் என்று பெயர். காரணங்கள் நியாயமானவைதான். சேகரிப்பாளர்களின் தொகுப்புகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்த பிசிஜிஎஸ் நடத்தும் ரெஜிஸ்ட்ரி தொகுப்புகளில் அவர்கள் கிரேடு செய்த காசுக்கு மட்டுமே இடம். சிலருக்குத் தொகுப்பு முழுவதும் ஒரே மாதிரி ஸ்லாபில் இருந்தால்தான் திருப்தி. ஆளுக்கு ஒன்றிரண்டு காசு என்று சேர்த்துச் சங்கத்தின் பெயரில் அனுப்பினால் தபால் செலவும் குறையும். ஆனால் பார்சல் உங்கள் பெயரில் போகும்போது பொறுப்பும் உங்களுடையதாகிறது. அதனால் இரண்டு விஷயங்களை வற்புறுத்திக் கேட்கிறோம். நூறு வயதைத் தொட்ட காசைப் பார்சலில் சேர்க்காதீர்கள். உரிமையாளர் குறைந்தபட்சக் கிரேடைத் தன் கையால் எழுதிக் கையெழுத்திடாத காசையும் வாங்காதீர்கள்.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை கொண்ட நாணயமும் அதன்படி தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ‘விற்கவில்லை, கிரேடு செய்து திருப்பி வாங்கத்தான் அனுப்பினேன்’ என்று சொல்லித் தப்பலாம் என்று நம்ப வேண்டாம். விக்டோரியா தலை போட்ட 1862 ரூபாய், ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் வாங்கிய 1911 ரூபாய், பம்பாயில் அடித்த 1918 சவரன் எல்லாம் இதில் அடங்கும். இந்த எல்லை ஆண்டுதோறும் நகர்வதால், 1930ஆம் ஆண்டுக் காசு 2030இல் அதற்குள் வந்துவிடும். வெளிநாட்டு ஏலத்தில் எடுத்து ஸ்லாபோடு வந்த பழங்காசு என்றாலும், இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்காமல் அனுப்பாதீர்கள். வயதில் சந்தேகம் இருந்தால் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை அதே துறையிடம் வாங்குங்கள்.

அப்படியானால் மிஞ்சுவது ஐந்தாம் ஜார்ஜின் கடைசி ஆண்டுகளின் காசுகளும், ஆறாம் ஜார்ஜ் காலத்துக் காசுகளும், அதற்குப் பிந்திய குடியரசுக் காசுகளும்தான். இவற்றுக்குக் குறைந்தபட்சக் கிரேடு என்ற கட்டம்தான் உயிர்நாடி.

என்ஜிசி எம்எஸ் 65 கொடுத்த ஒரு 1938 ரூபாயை எடுத்துக்கொள்வோம் (எம்எஸ் என்பது புழக்கத்தில் தேயாத காசுக்கான குறி, அதன் எண் 60 முதல் 70 வரை). படிவத்தில் குறைந்தபட்சம் எம்எஸ் 65 என்று எழுதினால், அந்தக் கிரேடு கிடைக்கும் என்று முடிவான பிறகே பழைய ஸ்லாபை உடைப்பார்கள். கிடைக்காவிட்டால் காசு பழைய ஸ்லாபிலேயே திரும்பும், ஆனால் கட்டணம் திரும்பாது. 64 என்று எழுதினால் 64க்கும் உடைப்பார்கள். எந்தக் கிரேடானாலும் சரி என்று குறித்தால் அதைவிடக் கீழே போகவும் வழி உண்டு. கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த நிறுவனத்தின் அன்றைய விதிப்படி நடக்கும். உடைத்த ஸ்லாபை மீண்டும் ஒட்ட முடியாது. பழைய கிரேடுக்குப் பழைய நிறுவனம் கொடுத்த உத்தரவாதமும் அதோடு போயிற்று. உறுப்பினர் போனில் சொன்னார் என்று நிர்வாகி நிரப்பும் படிவத்தில்தான் சண்டைகள் பிறக்கின்றன.

செம்பு, வெண்கலக் காசுகளுக்கு எண் மட்டும் போதாது, நிறத்தையும் சேர்த்து எழுத வேண்டும். அச்சகச் சிவப்பு ஏறக்குறைய முழுதாக இருந்தால் ஆர்டி, பாதி மங்கியிருந்தால் ஆர்பி, பழுப்பாகிவிட்டால் பிஎன். ஆர்டி என்று ஸ்லாப் போட்ட காசு நம் ஊர் ஈரக்காற்றில் பல ஆண்டு இருந்து ஆர்பி ஆகியிருக்கலாம். எண் அதேயாக இருந்தும் ஆர்பி என்று வந்தால் விலை சரிந்துவிடும். 2010க்குப் பிறகு கிரேடு செய்த செம்புக் காசுகளின் நிறத்துக்கு பிசிஜிஎஸ் உத்தரவாதம் தருவதும் இல்லை.

கிராஸ் ஓவரில் ஏன் இத்தனை காசுகள் தோற்கின்றன என்று கேட்பார்கள். கிரேடு செய்பவர் இன்னொரு நிறுவனத்தின் பிளாஸ்டிக் வழியாகத்தான் காசைப் பார்க்கிறார். ஸ்லாபில் கீறலும் மங்கலும் இருந்தால் காசின் பளபளப்பு சரியாகத் தெரியாது, சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவார். பழைய பாணி ஸ்லாபுகளில் காசின் விளிம்பு மறைந்தே இருக்கும். நம் ஊர் வெள்ளி ரூபாய்களுக்கு இது பெரிய சிக்கல். மாலையில் கோத்து, வளையம் பற்றவைத்து, பிறகு கழற்றி ராவிய காசுகள் ஏராளம். அந்தத் தடம் விளிம்பில்தான் இருக்கும். புளி போட்டுத் தேய்த்த செம்பும் திருநீறு போட்டு விளக்கிய வெள்ளியும் பளிச்சென்று தெரியும், ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். முதல் நிறுவனம் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் இரண்டாவதும் விட்டுவிடும் என்பது நிச்சயமில்லை. ஆகவே காசை வாங்கும்போதே பத்து மடங்கு லென்ஸிலும் சாய்வான ஒளியிலும் உறுப்பினர் முன்னாலேயே பாருங்கள். சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள், அங்கே படம் இருந்தால் காசோடு ஒப்பிடுங்கள். 1939 ரூபாய் போன்ற அரிய காசு என்றால் இதை விடவே கூடாது.

அனுப்பவே வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டிய காசுகளும் உண்டு. லேபிளில் ‘டீடெயில்ஸ்’ என்று இருந்தால், அதாவது சேதமோ தேய்த்த தடமோ இருப்பதால் எண் தராமல் விட்டிருந்தால், அந்தக் காசுக்கு எண் கிடைக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். தோற்றப் பொலிவுக்காக என்ஜிசி கொடுத்த நட்சத்திரக் குறி பிசிஜிஎஸ் லேபிளில் வராது, அதற்காகக் கூடுதல் விலை கொடுத்தவர் அதை இழப்பார். மாற்றும் செலவு காசின் விலையில் பெரும் பங்கைத் தின்னும் என்றால் ஸ்லாப் இருக்கிறபடியே இருக்கட்டும்.

வீட்டிலேயே ஸ்லாபை உடைத்து வெறும் காசாக அனுப்பச் சொல்லும் யோசனையைச் சங்கம் பரிந்துரைக்கக் கூடாது. முன்முடிவு இல்லாமல் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் குறடு வழுக்கினாலோ பிளாஸ்டிக் சில்லு உரசினாலோ ஒரே நொடியில் எம்எஸ் 65 போய்விடும். உரிமையாளர் விரும்பிச் செய்தால் பழைய லேபிளையாவது எறியாமல் முதல் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே காசு இரண்டு நிறுவனங்களின் எண்ணிக்கைப் பட்டியலிலும் நின்று, அரிய காசு மலிவான காசு போலத் தோன்றும்.

பார்சலில் ஒவ்வொரு ஸ்லாபுக்கும் தனி உறை வேண்டும், பிவிசி கலந்த உறை வேண்டாம். பெட்டியைக் குலுக்கினால் எதுவும் ஆடக் கூடாது. பல கூரியர் நிறுவனங்கள் நாணயத்தை ஏற்பதில்லை. ‘பிளாஸ்டிக் பொருள்’ என்று பொய்யாக எழுதி அனுப்பினால் தொலைந்தபின் காப்பீடு கிடைக்காது. சான்றிதழ் எண், மதிப்பு, திரும்பி வரும் பொருள் என்ற குறிப்பு ஆகியவற்றோடு ஏற்றுமதி ஆவணத்தை முன்கூட்டியே சுங்கத்தில் முறைப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால், திரும்பி வரும்போது புதிய இறக்குமதியாகக் கருதி வரி கேட்பார்கள். ஸ்லாபின் இருபுறமும் எடுத்த படமும், கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் உறுப்பினரிடம் ஒன்று, சங்கத்தில் ஒன்று இருக்கட்டும்.

அடுத்த பார்சலுக்கு முன், உரிமையாளர் குறைந்தபட்சக் கிரேடை எழுதிக் கையெழுத்திட வேண்டிய படிவத்தை அச்சிட்டு மாதக் கூட்டத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்